ஹார்ட்டனின் கொல்லைப்புறம்

ஹைட்ராலஜி பேப்பர் எழுதின எல்லாருக்கும் ஹார்ட்டனைத் தெரியும். எப்படித் தெரியும்னா, ஒரு சமன்பாடா. எஃப்சி, எஃப்ஜீரோ, கே, டி மதிப்புகளைப் போட்டு, கால்குலேட்டர்ல தட்டி, விடைக்கு அடியில ரெண்டு கோடு போட்டா மார்க். நானும் அப்படித்தான் எழுதிட்டு வந்தேன். அந்த மனுஷனுக்கு ஒரு வீடு இருந்தது, பக்கத்துல ஓடை இருந்தது, மரங்களுக்கு அடியில மழைமானி வச்சு அளந்தார் என்பதெல்லாம் எந்த நோட்ஸ்லயும் இல்லை.

ராபர்ட் எல்மர் ஹார்ட்டன் 1875-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், பார்மா என்ற சின்ன ஊரில் பிறந்தார். 1897-ல் ஆல்பியன் கல்லூரியில் பட்டம் வாங்கினார். பிறகு நியூயார்க் மாநிலத்தில் இன்ஜினியராக இருந்த உறவினர் ஜார்ஜ் ராஃப்டரிடம் வேலைக்குப் போனார். அங்கே அவர் கையில் வந்தது வீர் பரிசோதனைகளின் அளவுகள். ஓடைக்குக் குறுக்கே ஒரு தடுப்பைக் கட்டி, அதன் மேல் வழியும் தண்ணியின் உயரத்தை வச்சு எவ்வளவு தண்ணி போகுதுன்னு கணக்குப் போடுவோமே, அதேதான். அதற்கப்புறம் அமெரிக்க புவியியல் ஆய்வுத் துறைக்காக நியூயார்க் நதிகளை அளந்தார். ஆக, முதலில் அவர் மண்ணைப் பார்த்தவர் இல்லை. நதியில் ஓடுற தண்ணியைப் பார்த்தவர். ஆனா நதியை வருஷக்கணக்கா அளக்கிறவனுக்கு ஒரு கேள்வி வந்தே தீரும்: பெய்த மழை எல்லாம் ஏன் இங்கே வரலை?

ஆல்பனி நகரத்துக்குப் பக்கத்தில் வூரீஸ்வில் என்ற ஊரில் அவர் வீடு. அங்கேயே சொந்தமா ஒரு ஹைட்ராலஜி ஆய்வுக்கூடம் வச்சிருந்தார். அந்தப் பக்கத்துக் காடு நம்ம ஊர்க் காடு மாதிரி இல்லை. குளிர்காலத்தில் பனி மூடும், இலையெல்லாம் உதிர்ந்து மரம் மொட்டையா நிற்கும். வசந்தத்தில் பனி உருகும்போது மேடு, பள்ளம் எல்லாமே ஏறக்குறைய ஒரே மாதிரி ஊறிக் கிடக்கும். அப்புறம் இலை துளிர்க்கும். வேர்கள் தண்ணியை இழுக்க ஆரம்பிக்கும். கோடையில் அதே காட்டுத் தரை திட்டுத்திட்டா மாறிடும். ஒரு இடத்தில் சருகை விலக்கினா சொதசொதன்னு இருக்கும், நாலு அடி தள்ளி மண் பொடியா உதிரும்.

ஏன் இப்படி என்பதற்கு பாதி விடை அவருடைய 1919 கட்டுரையில் இருக்கு. பீச், மேப்பிள், ஓக், ஹெம்லாக், பைன் என்று பல வகை மரங்களுக்கு அடியில் மழையை அளந்து, வெட்டவெளியில் பெய்த மழையோடு ஒப்பிட்டார். லேசான தூறல்னா பெரும்பாலும் இலையிலேயே தங்கி, அப்படியே காத்துல ஆவியாகிடுது. தரைக்கு வர்றதே இல்லை. கனமழை பெய்தா இலைகள் சீக்கிரம் நிரம்பிடும், மிச்சமெல்லாம் கீழே கொட்டும். அதனால் பெரிய மழையில் மரம் பிடிச்சு வச்சுக்கிற பங்கு குறைவு. அடிமரத்தில் வழிந்து இறங்குற தண்ணியையும் அவர் விடலை. பீச் மாதிரி வழவழப்பான பட்டை உள்ள மரத்தில் தண்ணி குழாயில் வர்ற மாதிரி இறங்கும். சொரசொரப்பான பட்டைன்னா அது குடிச்சது போகத்தான் மீதி. அப்போ ஒரே காட்டில், ஒரே மழையில், மரத்தின் காலடிக்கு ஒரு அளவு, கிளைக்கு அடியில் ஒரு அளவு, இடைவெளியில் இன்னொரு அளவு. மண்ணுக்குள் இறங்குறதுக்கு முன்னாடியே கணக்கு இப்படிப் பிரிஞ்சுடுது.

அவரைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோனது 1933-ல் வந்த இன்ஃபில்ட்ரேஷன் கட்டுரை. அதன் கரு எளிமையானது. மண்ணின் மேற்பரப்பு தண்ணியை உள்ளே விட ஒரு வேக வரம்பு வச்சிருக்கு. மழை அந்த வரம்பைத் தாண்டினா மிச்சம் மேலே ஓடும், தாண்டலைன்னா எல்லாம் உள்ளே போகும். அமெரிக்காவில் உழுத நிலத்தின் மேல்மண் அரிச்சுப் போய்க்கொண்டிருந்த காலம் அது. வெறும் மண்ணுக்கு இந்தக் கருத்து அச்சாப் பொருந்தியது. இன்ஜினியர்களுக்கும் பிடிச்சுப் போச்சு, ஏன்னா வெள்ளத்தைக் கணக்குப் போட ஒரு எண் கிடைச்சது. அப்படி மேலே ஓடுற தண்ணிக்கே ஹார்ட்டன் ஓவர்லேண்ட் ஃப்ளோ என்று பேர் வந்தது.

சிக்கல் காட்டில்தான். சருகும் மக்கும் வேர்த்துளையும் நிறைஞ்ச காட்டு மண் எவ்வளவு மழையையும் குடிக்கும். தரை மேல தண்ணி ஓடுறதைப் பார்க்கிறதே அபூர்வம். ஆனா மழை பெய்தா ஓடை என்னவோ ஏறத்தான் செய்யுது. வட கரோலினாவில் கொவீட்டா என்ற காட்டு ஆய்வு நிலையத்தில் 1930-களிலேயே சார்ல்ஸ் ஹர்ஷ் இதைக் கவனிச்சார். பின்னால் அங்கேயே ஹ்யூலெட், ஹிபர்ட் ரெண்டு பேரும் சரிவாக ஒரு நீளமான தொட்டி கட்டி, மண்ணை நிரப்பி, முழுக்க நனைச்சு, ஆவியாகாம மூடி வச்சாங்க. நூறு நாளுக்கு மேல் அதன் அடியிலிருந்து தண்ணி கசிஞ்சுக்கிட்டே இருந்தது. மேல்பக்கம் காயக் காய, கீழ்ப்பக்கம் ஈரமாவே இருந்தது. மலைச்சரிவில் நடக்கிறதும் இதேதான்: முகடு காயும், அடிவாரம் ஊறும். 1970-ல் டன், பிளாக் என்ற ரெண்டு பேர் வெர்மான்ட் மாநிலத்தில் இன்னொரு விஷயத்தைக் காட்டினாங்க. ஓடையை ஒட்டிய சின்னப் பகுதிகள் ஏற்கெனவே தண்ணி நிரம்பிக் கிடக்கும். அங்கே விழுற மழைக்கு உள்ளே போக இடமில்லை, அதுதான் ஓடும். மண்ணின் வேக வரம்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. வெர்மான்ட், ஹார்ட்டன் இருந்த நியூயார்க்குக்குப் பக்கத்து மாநிலம் என்பதுதான் எனக்குக் கொஞ்சம் வலிச்சது.

இதுக்கப்புறம் ஹார்ட்டன் என்றாலே காட்டைத் தெரியாதவர் என்ற மாதிரி ஒரு பேச்சு. அது நியாயம் இல்லைன்னு நினைக்கிறேன். 1940 கட்டுரையைப் பார்த்தா, அந்த கே என்ற எழுத்துக்குப் பின்னால் அவர் என்னென்ன வச்சிருந்தார்னு தெரியும். மழைத்துளி அடிச்சு மண் இறுகுவது, நுண்துகள் போய்த் துளையை அடைப்பது, களி உப்புவது. பிறகு வெயிலில் வெடிப்பு விடுவது, மண்புழுவும் பூச்சியும் மறுபடி துளை போடுவது. அதனால் வரம்பு பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதும் அவருக்குத் தெரியும். நம்ம பாடப்புத்தகத்துக்கு வரும்போது மண்புழு காணாமப் போச்சு, கே மட்டும் மிஞ்சிச்சு.

ஆனா ஒரு தப்பு அவர் மேலயும் இருக்கு. எல்லாவற்றையும் மேற்பரப்பில் வச்சே யோசிச்சார். உள்ளே இறங்கின தண்ணி பக்கவாட்டில் நகர்ந்து, சரிவின் அடியில் சேர்ந்து, அடுத்த மழைக்கு முன்னாடியே அந்த இடத்தை நிரப்பி வைக்கும் என்பதற்கு அவர் போதிய இடம் கொடுக்கலை.

1945 மார்ச்சில் ஆறுகள் எப்படிக் கிளை பிரியுது, நிலத்தை எப்படிச் செதுக்குது என்பது பற்றிய அவருடைய நீண்ட கட்டுரை வெளியானது. ஏப்ரல் 22 அன்று இறந்துட்டார். வயசு 69. சொத்தில் ஒரு பங்கை அமெரிக்க ஜியோபிசிக்கல் யூனியனுக்கு எழுதி வச்சிருந்தார். இன்னைக்கு அவர் பேரில் அவங்க ஒரு பதக்கம் தர்றாங்க.

அவர் விட்டுப்போன காகிதங்கள் தொண்ணூறுக்கும் மேற்பட்ட பெட்டிகளில் அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கு. பிரிட்டனைச் சேர்ந்த ஹைட்ராலஜிஸ்ட் கீத் பெவன் அதைப் பிரிச்சுப் படிச்சு, 2004-ல் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார். வூரீஸ்வில்லில் ஹார்ட்டனின் சொந்த ஆய்வுக்கூட நிலத்தில் மண் தண்ணியை உள்ளே விடுற வேகத்தையும், அங்கே பெய்யுற மழையின் வேகத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சார். மழை ஜெயிக்கிற நாட்கள் ரொம்பக் குறைவு. அதாவது, ஹார்ட்டன் ஓவர்லேண்ட் ஃப்ளோவை ஹார்ட்டன் தன் வீட்டுக் கொல்லையில் அபூர்வமாத்தான் பார்த்திருப்பார்.