பந்துக்குத் தீட்டில்லை, கோப்பைக்குத் தீட்டு!

தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயல் கரையிலே நின்று பாருங்கள், தோழர்களே! ஒரு காலத்தில் இந்தக் கடற்கரையிலேதான், கல்லில் காலூன்றி, கயிற்றைப் பற்றி, மூச்சை அடக்கி, ஆழத்திலே இறங்கினான் உழைப்பாளி. சிப்பியை அள்ளி வந்தவன் அவன். முத்து மின்னியதோ மன்னர் மார்பிலே! எடுத்தவன் பெயரை ஏடு எழுதவில்லை. அணிந்தவன் பெயரை அரண்மனை பாடியது.

உழைப்பு ஒருவனுக்கு, ஒளி இன்னொருவனுக்கு! இது கடலுக்கு மட்டும் உரிய கதையா? இல்லை. சீமான்களின் விளையாட்டு என்று பெயர் பெற்ற கிரிக்கெட் திடலிலும் இதே கதை நடந்தது. அந்தக் கதையின் நாயகன் பல்வங்கர் பாலு.

1870களின் நடுவிலே தார்வாட்டில் பிறந்தவர். தோல் தொழில் செய்யும் குலம். ஊர் ஒதுக்கி வைத்த குலம். தந்தைக்குப் பூனாவில் பட்டாளத்து வேலை. வெள்ளைச் சிப்பாய்கள் விட்டெறிந்த பந்தையும் மட்டையையும் வைத்துக்கொண்டு ஆடக் கற்றார்கள் பாலுவும் அவர் தம்பியும்.

குடும்பத்துக்குச் சோறு வேண்டுமே! பார்சிகள் நடத்திய ஒரு கிரிக்கெட் மன்றத்தில் வேலைக்குச் சேர்ந்தார் பாலு. திடலைப் பெருக்க வேண்டும், உருளை இழுக்க வேண்டும். மாதச் சம்பளம் 3 ரூபாய். 1892-ல் வெள்ளையர்களின் பூனா கிளப்புக்கு மாறினார். அங்கே 4 ரூபாய். வலை கட்டு, கோடு போடு, புல்லைப் பார்த்துக்கொள். இதுதான் பணி. ஒரு நாள், வலையிலே பயிற்சி செய்த துரைக்குப் பந்து வீசச் சொன்னார்கள். வீசினார். இடது கையிலிருந்து புறப்பட்ட பந்து, தரையிலே பட்டதும் பாம்பு போலத் திரும்பியது. துரைமார் திகைத்தார்கள்!

அவர்களிலே தலைசிறந்த மட்டைக்காரர் கிரெய்க் என்ற பட்டாளத்து அதிகாரி. தினமும் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து, பாலுவின் பந்தை எதிர்த்துப் பழகுவாராம். தன்னை ஒரு முறை வீழ்த்தினால் எட்டணா இனாம் என்று அவர் ஏற்பாடு செய்திருந்ததாகப் பூனாவிலே பேச்சு உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள், தோழர்களே! எட்டு முறை வீழ்த்தினால் ஒரு மாதச் சம்பளம்!

ஆனால், அந்தத் திடலிலே மணிக்கணக்காகப் பந்து வீசிய பாலுவின் கையிலே, ஒரு நாளாவது மட்டையைக் கொடுத்தார்களா? இல்லை! மட்டை பிடிப்பது எசமானர் உரிமை. வேர்வை சிந்தி வீசுவது வேலைக்காரன் கடமை. ஆலையிலும் வயலிலும் நாம் கண்ட சட்டமே அங்கும் ஆட்சி செய்தது.

பூனாவின் இந்துக் குழு வெள்ளையரோடு மோத விரும்பியது. வெல்ல ஆள் வேண்டும். ஆள் இருக்கிறார். ஆனால் தீண்டப்படாதவர்! தெலுங்கு பேசும் உறுப்பினர் சிலர், சேர்க்கலாம் என்றனர். வைதிகர்கள் முகம் சுளித்தனர். இப்படிப்பட்ட வீரனை விலக்குவது அறிவீனம் என்று கிரெய்க்கே வெளிப்படையாகச் சொல்லும் நிலை வந்தது. வெற்றி மீது கொண்ட ஆசை, சாதி மீது கொண்ட பற்றை ஓர் அங்குலம் நகர்த்தியது. பாலு சேர்க்கப்பட்டார்.

ஓர் அங்குலம் என்று ஏன் சொல்கிறேன்? கேளுங்கள். பாலு தொட்ட பந்தை மற்றவர்கள் தொட்டார்கள். அதிலே தீட்டில்லை. ஆனால் தேநீர் இடைவேளை வந்ததும், மற்றவர்களுக்குக் கூடத்துக்குள்ளே பீங்கான் கோப்பை. பாலுவுக்கு வெளியே, குடித்ததும் எறிந்துவிடும் மண் குவளை! உணவுக்குத் தனித் தட்டு, தனி மேசை. கை கழுவ வேண்டுமென்றால், திடலின் மூலையிலே நின்று, இன்னொரு தீண்டப்படாதவர் ஊற்றும் நீரை ஏந்த வேண்டும். பந்துக்குத் தீட்டில்லை, கோப்பைக்குத் தீட்டு! வெற்றி வேண்டும், வென்று தந்தவன் வேண்டாம்! இதற்குப் பெயர் தருமமாம்!

சாத்தாராவில் வெள்ளையர் குழு, பாலுவின் பந்து திரும்பக் கூடாதென்று ஒரு வாரம் தரையை உருளையால் இறுக்கி வைத்தது. அந்தத் தரையிலும் 7 பேரை வீழ்த்தினார் பாலு. பூனா திரும்பியபோது பாராட்டு விழா! மாலை அணிவித்தவர் நீதிபதி ரானடே. வாசலுக்கு வெளியே நின்றவன் மேடைக்கு வந்தான். கொடுத்தது யார்? இரக்கம் அல்ல; அவனது இடது கை!

பின்பு பம்பாய். இந்து ஜிம்கானாவிலும் சில உறுப்பினர்கள் தடுத்தனர். திறமை தடையை உடைத்தது. ரயில்வேயில் வேலையும் கிடைத்தது. 1906 பிப்ரவரியில் வெள்ளையர் குழுவை இந்துக் குழு 109 ஓட்டங்களில் வென்றது. பாலு சாய்த்தது 8 விக்கெட். தம்பி சிவராமும் உடன் ஆடினார். ஆளும் இனத்தை அதன் சொந்த விளையாட்டிலேயே தோற்கடித்தவர்களில் முன்னே நின்றவர், ஊர்க் கிணற்றிலே நீர் எடுக்க உரிமையற்ற குலத்தவர்!

1911-ல் இந்தியக் குழு இங்கிலாந்து சென்றது. தலைவர் பாட்டியாலா மகாராசா. மன்னருக்கு விருந்துகள், பெரும்பாலான ஆட்டங்களிலே அவர் களத்தில் இல்லை. பாலுவுக்கோ, தோள் வலியிலும் ஓயாத பந்து வீச்சு. அந்தப் பயணத்தில் அவர் வீழ்த்தியது 114 விக்கெட்.

இத்தனைக்குப் பிறகாவது இந்துக் குழுவின் தலைமையைக் கொடுத்தார்களா? ஆண்டுக்கு ஆண்டு கேள்வி எழுந்தது. ஆண்டுக்கு ஆண்டு சாதி பதில் சொன்னது. 1920-ல் பாலுவை நீக்கினார்கள். தலைமை அவர் தம்பி விட்டலுக்கும் இல்லை என்றார்கள். தம்பிமார் இருவரும் ஆட மறுத்து வெளியேறினர். ஆம், விளையாட்டுத் திடலில் ஒரு வேலைநிறுத்தம்! பம்பாய் மக்கள் அவர்கள் பக்கம் நின்றனர். பாலுவைத் துணைத் தலைவராக அழைக்க நேர்ந்தது. 1923-ல் தம்பி விட்டல் தலைவரானார். அண்ணன் தட்டிய கதவு தம்பிக்குத் திறந்தது.

பிற்காலத்திலே பாலு அரசியலில் இறங்கினார். 1932-ல் நம் சென்னை எம்.சி. ராஜாவின் பக்கம் நின்றார். 1937-ல் பம்பாய்த் தேர்தலில் காங்கிரசுக்காக அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றார். அந்தப் பாதை சரியா என்பது வேறு வழக்கு. 1955-ல் மறைந்தார்.

தோழர்களே! உழைத்து முன்னேறு, மதிப்பு தானே வரும் என்று நமக்கு உபதேசம் செய்பவர் உண்டு. பாலு உழைக்கவில்லையா? முன்னேறவில்லையா? உழைப்பும் திறமையும் அவரைத் திடலுக்குள் கொண்டு வந்தன. தலைமையைப் பெற்றுத் தரவில்லை. தலைமைக் கதவை அசைத்தது, ஆட மாட்டோம் என்று தம்பிமார் எழுந்து நின்ற அந்த நாள்தான்!

திறமை நம் கையிலே இருக்கட்டும். கூடவே, தன்மானம் நெஞ்சிலே இருக்கட்டும். முத்தெடுப்பவன் தலை நிமிர்ந்தால்தான் முத்துக்கும் பெருமை!