282 மதிப்பெண் பெற்ற மாணவர்

திருவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது செண்பகத்தோப்பு. அங்கு வாழும் பளியர் பழங்குடிக் குடும்பங்களிலும், இராசபாளையம் வட்டாரத்துச் சேரிகளிலும் பள்ளிக்குச் செல்லும் முதல் தலைமுறைப் பிள்ளைகள் இன்றும் உண்டு. அவர்களுள் திறன் மிகுந்தவர் யார் என்பதை அரசு எவ்வாறு கண்டறிகிறது? எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு நடத்தப்படுகிறது. தெரிவு பெற்றவர்க்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கிறது. ஆனால் அத்தேர்வை எழுதுவதற்கே ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்க்கு 50 விழுக்காடு.

இவ்வரம்பை மனத்தில் இருத்திக்கொண்டு ஒரு மாணவரின் வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்போம். 1907இல் மெட்ரிகுலேஷன் தேர்வில் அவர் பெற்ற மதிப்பெண் 750க்கு 282. நூற்றுக்கு 38ஐக்கூட எட்டவில்லை. அவர் பெயர் பீமராவ் ராம்ஜி அம்பேத்கர்.

1891 ஏப்ரல் 14 அன்று மாவ் படைமுகாமில், பெற்றோரின் பதினான்காவது குழந்தையாக அவர் பிறந்தார். தந்தை ராம்ஜி சக்பால் ஆங்கிலேயர் படையில் சுபேதார். படைப் பள்ளியில் தலைமையாசிரியராகவும் இருந்தவர். படைவீரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அங்கே கல்வி கட்டாயமாக இருந்தமையால், மகர் குடும்பங்கள் சிலவற்றில் எழுத்தறிவு புகுந்திருந்தது. அந்த வாயிலும் நிலைக்கவில்லை. 1890களில் மகர்களைப் படையில் சேர்ப்பதை ஆங்கில அரசு நிறுத்திவிட்டது. பீமராவ் கல்வி பெற்றது, மூடப்பட்ட ஒரு கதவின் கடைசி இடுக்கு வழியாகத்தான்.

சதாராவில் பள்ளி அவரை அனுமதித்தது, ஆனால் ஏற்றுக்கொள்ளவில்லை. அமர்வதற்கான சாக்குத் துணியை அவரே வீட்டிலிருந்து கொண்டுசெல்ல வேண்டும். தாகம் எடுத்தால் குழாயைத் தொடக் கூடாது. பள்ளிப் பணியாளர் வந்து திறந்துவிட்டால் மட்டுமே தண்ணீர்.

பம்பாய்க்குக் குடிபெயர்ந்து எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். அது அரசுப் பள்ளி. ஒருநாள் ஆசிரியர் அவரைக் கணக்குப் போடக் கரும்பலகைக்கு அழைத்தார். உடனே மற்ற மாணவர்கள் ஓடிச்சென்று, பலகைக்குப் பின்னால் வைத்திருந்த தம் உணவுப் பாத்திரங்களை அப்புறப்படுத்தினர். அந்த வகுப்பறை அவருடைய கணக்கைப் பார்க்கவில்லை. அவருடைய நிழலைத்தான் பார்த்தது. சமற்கிருதம் படிக்க விரும்பினார். தீண்டத்தகாதவர் என்பதால் மறுக்கப்பட்டது. வேறு வழியின்றிப் பாரசீகம் எடுத்தார். மெட்ரிகுலேஷனில் அவருக்கு மிகுதியான மதிப்பெண் கிடைத்தது அந்தப் பாரசீகத்தில்தான்.

பரேல் தொழிலாளர் குடியிருப்பில் ஒற்றை அறையே வீடு. தந்தை விழித்திருந்து, பின்னிரவு 2 மணிக்கு மகனை எழுப்பிப் படிக்க வைப்பார். புத்தகம் வாங்கப் பணமில்லாதபோது, மணமாகிச் சென்ற மகள்களிடம் நகையை வாங்கி அடகு வைப்பார். 282 என்ற எண்ணுக்குள் இவையெல்லாம் அடங்கியிருந்தன. எந்த மதிப்பெண் பட்டியலும் இவற்றைக் காட்டாது.

அவருடைய திறனை முதலில் கண்டுகொண்ட ஆசிரியர் வேறொரு பள்ளியைச் சேர்ந்தவர். பள்ளி விட்டபின் சர்னி சாலைப் பூங்காவில் நாள்தோறும் தனியே படித்துக்கொண்டிருந்த சிறுவனைக் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் கவனித்தார், பேசினார், நூல்கள் கொடுத்தார். மெட்ரிகுலேஷன் வெற்றிக்கான பாராட்டுக் கூட்டத்தில் தாம் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார். தந்தையால் மேற்கொண்டு படிக்கவைக்க இயலாதபோது, பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட்டிடம் பீமராவை அழைத்துச் சென்றவரும் அவரே. மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. எல்பின்ஸ்டன் கல்லூரியில் பேராசிரியர் முல்லர் நூல்களும் உடைகளும் தந்தார். அதே கல்லூரியின் உணவகத்தாரோ அவருக்குத் தேநீரோ தண்ணீரோ தர மறுத்தார்.

1913இல் பரோடா உதவித்தொகையுடன் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். மாதம் பதினொன்றரைப் பவுன். திரும்பியபின் பத்தாண்டுகள் பரோடாவில் பணியாற்ற வேண்டும் என்பது ஒப்பந்தம். 1915இல் முதுகலைப் பட்டம் பெற்றார். 1916இல் இலண்டனில் பொருளியலும் சட்டமும் தொடங்கினார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் படிப்பைப் பாதியில் நிறுத்தித் திரும்ப நேர்ந்தது.

பரோடாவில் நடந்ததை நம் கல்வித் திட்டங்களை வகுப்போர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். அரசு அவரைத் தெரிந்தெடுத்தது, செலவு செய்தது, உயர்பதவியும் தந்தது. ஆனால் அலுவலக ஏவலர்கள் கோப்புகளை அவர் கையில் கொடுக்காமல் தூர இருந்து எறிந்தனர். தங்க வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடியேந்திய கும்பல் அவரை வெளியேற்றியது. கொலம்பியாவில் படித்த அறிஞர் பூங்காவின் மரத்தடியில் கண்ணீருடன் அமர்ந்திருந்தார். திறனைக் கண்டறிவதும் பணம் தருவதும் மட்டுமே ஆதரவு ஆகிவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றிச் சேமித்த பணம், கோலாப்பூர் சாகு மகாராசரின் உதவி, நண்பர் நவல் பத்தேனாவிடம் பெற்ற கடன் ஆகியவற்றுடன் 1920இல் மீண்டும் இலண்டன் சென்று, 1923இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார்.

தமக்குக் கிடைத்தது தற்செயல் என்பதை அவர் மறக்கவில்லை. ஒரு கேளுஸ்கரும் ஒரு மன்னரும் எல்லாச் சேரிப் பிள்ளைகளுக்கும் வாய்க்கமாட்டார்கள். ஆகவே அவர் கொடையைக் கேட்காமல் உரிமையைக் கட்டினார். பகிஷ்கிருத் ஹிதகாரிணி சபையின் வழியாக 1925இல் சோலாப்பூரில் மாணவர் விடுதி திறந்தார். 1942இல் பட்டியல் சாதியினரின் குறைகளை வைஸ்ராயிடம் மனுவாக அளித்து, உயர்கல்விக்கு அரசு நிதி கோரினார். 1944 முதல் நடைமுறைக்கு வந்த, மெட்ரிகுலேஷனுக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை இன்றும் தொடர்கிறது. 1945இல் மக்கள் கல்விக் கழகம் நிறுவி, அடுத்த ஆண்டு பம்பாயில் சித்தார்த் கல்லூரியைத் தொடங்கினார். வேலைக்குச் செல்வோரும் படிக்கும்படி அங்கே காலையிலேயே வகுப்புகள் நடந்தன. 1956 டிசம்பர் 6 அன்று அவர் மறைந்தார்.

1907இன் தேர்வும் இன்றைய ஏழாம் வகுப்புத் தேர்வும் ஒன்றல்ல. ஆயினும் 50 விழுக்காடு என்ற கோட்டில் நின்று பார்த்தால் 282 பெற்றவர் கண்ணில் படமாட்டார். மதிப்பெண் வரம்பைத் தாண்டும் பிள்ளைக்கு உதவித்தொகை தேவைதான். அதைக் குறைத்துப் பேசுவதற்கில்லை. ஆனால் அக்கோட்டுக்குக் கீழே நிற்கும் பிள்ளை எங்கிருந்து, எதைத் தாண்டி அவ்வளவு தொலைவு வந்திருக்கிறது என்று கேட்கும் கடமை பள்ளிக்கு உண்டு. செண்பகத்தோப்பிலிருந்து வரும் மாணவி வகுப்பில் எந்த வரிசையில் அமர்த்தப்படுகிறாள், எந்தக் குழாயில் தண்ணீர் குடிக்கிறாள், மாலையில் படிக்க அவளுக்கு இடமும் விளக்கும் உண்டா என்பவையும் திறனறித் தேர்வின் கேள்விகளே. அவற்றுக்கு விடையெழுத வேண்டியவள் அவளல்லள், பள்ளியும் அரசும்தான்.