ஒகஸ்ட் ரொடின் (1840 – 1917)

பிரான்சின் தலைநகரான பரிசில் 1840 நவம்பர் 12 ஆம் திகதி பிறந்தவர் ரொடின். நுண்கலைக் கல்லூரி அவரை மூன்று தடவை அனுமதிக்க மறுத்தது. ஆகவே பல வருடங்கள் கட்டட அலங்கார வேலை செய்து சீவித்தார். 1877 இல் காட்சிக்கு வைத்த ‘வெண்கல யுகம்’ மிகத் தத்ரூபமாக இருந்தமையால், உயிருள்ள மனிதனின் உடலில் நேரே அச்செடுத்தார் எனப் பழி சுமத்தினர். அதே சிற்பத்தை 1880 இல் அரசு விலைக்கு வாங்கியது. ‘நரகத்தின் வாயில்’ வேலையும் அவ்வாண்டிலேயே கிடைத்தது. மாணவர்கள் நன்கறிந்த ‘சிந்தனையாளன்’ அவ்வாயிலுக்காக உருவானதே.

எனினும் அவரது துணிவைக் காட்டுவது ‘கலே நகரப் பிரமுகர்கள்’ என்பதே எமது கருத்து. 1347 இல் இங்கிலாந்து மன்னன் மூன்றாம் எட்வேர்ட்டின் நீண்ட முற்றுகையால் கலே மக்கள் பட்டினியில் வாடினர். ஆறு பிரமுகர்கள் கழுத்திற் கயிற்றுடனும் கையில் நகரத் திறப்புகளுடனும் வந்து சரணடைந்தால் ஏனையோரை விடுவதாக மன்னன் கூறினான். அறுவர் முன்வந்தனர். அரசி பிலிப்பா மன்றாடியதால் அவர்களும் உயிர் தப்பினர்.

1880களின் நடுப்பகுதியில் கலே நகரசபை இதற்கு ஒரு நினைவுச்சின்னம் கேட்டது. சபையினர் எதிர்பார்த்தது நிமிர்ந்து நிற்கும் வீரர்களை. ரொடின் வனைந்ததோ, சாவை நோக்கி நடக்கும் ஆறு சாதாரண மனிதர்களை: ஒருவர் தலையைக் கைகளாற் பற்றியுள்ளார், ஒருவர் திரும்பிப் பார்க்கிறார். முதலில் ஒவ்வொருவரையும் ஆடையின்றி வனைந்து, உடலின் தளர்ச்சியைச் சரிபார்த்த பின்பே ஆடை அணிவித்தார். சபை அதிருப்தியுற்றது, பணநெருக்கடியும் குறுக்கிட்டது. 1889 இல் முடிந்த சிற்பம் 1895 இலேயே திறந்து வைக்கப்பட்டது. பார்ப்போர் அருகே தரைமட்டத்தில் வைக்க ரொடின் விரும்பியும் உயர்ந்த பீடத்திலேயே ஏற்றினர். 1924 இல் அது தாழ்த்தப்பட்டபோது அவர் உயிருடன் இல்லை.

இங்கே மாணவர் பலர் குழம்புவதுண்டு. இச்சிற்பம் இலண்டனிலும் உள்ளதே, எது உண்மையானது? சிற்பி களிமண்ணில் வனைவார். அதிலிருந்து பரிஸ் சாந்து உரு எடுக்கப்படும். அதனைக் கொண்டு வார்ப்பகத்தார் வெண்கலத்தில் வார்ப்பர். எனவே ஒரே உருவிலிருந்து பல வார்ப்புகள் பெறலாம். பிரெஞ்சுச் சட்டம் 12 வார்ப்புகளையே மூலப் படைப்பாக ஏற்கும். இச்சிற்பத்தின் வார்ப்புகள் கொப்பன்கேகன், பிலடெல்பியா, பாசல், தோக்கியோ முதலிய நகரங்களிலும் உள்ளன. இறுதியானது 1995 இல் சியோலுக்காக வார்க்கப்பட்டது.

சிற்பி இறந்த பின் வார்த்தது எவ்வாறு மூலப் படைப்பாகும்? ரொடின் 1916 இல் தமது படைப்புகளையும் உரிமைகளையும் அரசுக்கு எழுதிக் கொடுத்தார். 1919 இல் திறக்கப்பட்ட பரிஸ் ரொடின் அருங்காட்சியகம் அவ்வுரிமையின் பேரிலேயே வார்ப்பித்தது. அவர் 1917 நவம்பர் 17 இல் மெடொனில் காலமானார். அவரது கல்லறையின் மேல் இருப்பதும் ‘சிந்தனையாளன்’ வார்ப்பு ஒன்றே.