ஜோசையா வெட்ஜ்வுட்

ஜோசையா வெட்ஜ்வுட் (1730 - ஜனவரி 3, 1795) இங்கிலாந்தைச் சேர்ந்த மட்பாண்ட உற்பத்தியாளரும் தொழில் முனைவோரும் ஆவார். மட்பாண்டத் தொழிலைக் குடிசையிலிருந்து தொழிற்சாலைக்குக் கொண்டு சென்றவர்களுள் இவர் முதன்மையானவர். அவ்வாறு மாறிய உற்பத்தி முறைக்கேற்பச் செலவுகளைக் கணக்கிடும் முறையையும் மாற்ற முயன்றதால், அடக்கவிலைக் கணக்கியலின் முன்னோடிகளுள் ஒருவராகவும் கருதப்படுகிறார். உயிரியலாளர் சார்லஸ் டார்வின் இவருடைய மகள் வழிப் பேரன் ஆவார்.

இளமை

இவர் ஸ்டாஃபோர்ட்ஷயர் பகுதியின் பர்ஸ்லம் என்னும் ஊரில் குயவர் குடும்பத்தில் கடைசிக் குழந்தையாகப் பிறந்தார். 1739 இல் தந்தை இறந்தார். சிறுவயதில் தாக்கிய பெரியம்மை இவரது வலது முழங்காலைப் பாதித்தது. காலால் மிதித்துச் சக்கரத்தைச் சுழற்ற இயலாததால் வனைவதை விடுத்து, களிமண் கலவைகள், மெருகுப் பூச்சுகள் ஆகியவற்றை ஆராய்வதில் ஈடுபட்டார். அக்கால் 1768 இல் அகற்றப்பட்டது.

எட்ரூரியா தொழிற்சாலை

1759 இல் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். இவரது வெளிர் மஞ்சள் நிறப் பாண்டங்களை அரசி சார்லட் விரும்பி வாங்கியதால் அவை அரசியின் பாண்டங்கள் எனப் பெயர் பெற்றன. லிவர்ப்பூல் வணிகர் தாமஸ் பென்ட்லியுடன் கூட்டுச் சேர்ந்து, 1769 இல் எட்ரூரியா என்னும் தொழிற்சாலையைத் திறந்தார். அங்கு ஒரே தொழிலாளி ஒரு பாண்டத்தை முழுமையாகச் செய்வதில்லை. வனைதல், கடைதல், அச்சில் வார்த்தல், ஓவியம் தீட்டுதல் என ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனித் தொழிலாளர்கள் இருந்தனர்.

1772 நெருக்கடியும் செலவுக் கணக்கும்

1772 ஜூன் மாதம் இலண்டன் வங்கியாளர் அலெக்சாண்டர் ஃபோர்டைஸ் கடனில் மூழ்கித் தப்பியோடியதைத் தொடர்ந்து பல வங்கிகள் வீழ்ந்தன. அலங்காரச் சாடிகள் விற்காமல் தேங்கின, கையில் பணமில்லை. அதுவரை வெட்ஜ்வுட், செல்வந்தர் தரக்கூடிய விலையைப் பார்த்தே பெரும்பாலும் விலை நிர்ணயித்தார். ஒரு சாடியைச் செய்ய உண்மையில் என்ன செலவாகிறது என்பது அவருக்கே தெளிவாகத் தெரியாது.

அவ்வாண்டு கோடையில் களிமண் முதல் விற்பனை வரை ஒவ்வொரு படிநிலையின் செலவையும் பிரித்துப் பட்டியலிட்டார். உருவமாதிரிகள், அச்சுகள், வாடகை, எழுத்தர் சம்பளம் போன்றவை உற்பத்தி கூடினாலும் குறைந்தாலும் ஏறக்குறைய அப்படியே இருப்பதைக் கண்டார். இன்று நிலையான செலவு எனப்படுவது இதுவே. எடுத்துக்காட்டாக, ஓர் அச்சுக்கு 10 பவுண்டு செலவாகிறது எனக் கொள்வோம். அதில் 10 சாடிகள் மட்டும் செய்தால் ஒவ்வொன்றின் மீதும் 1 பவுண்டு ஏறும். 100 சாடிகள் செய்தால் 2 ஷில்லிங் மட்டுமே ஏறும். கைத்தொழிலில் கூலியும் மண்ணும் விறகுமே பெருஞ்செலவு என்பதால் குயவர்களுக்கு இக்கணக்கு தேவைப்பட்டதில்லை. தொழிற்சாலையில் அது இல்லாமல் விலை வைப்பது இருட்டில் அம்பு எய்வது போன்றதே.

இதன் பின் ஒரே வடிவத்தை அதிக எண்ணிக்கையில் செய்வதற்கு முதன்மை அளித்தார். உயர்குடியினரிடம் அதிக விலைக்கு விற்ற சாடிகளைக் குறைந்த விலையில் நடுத்தர மக்களிடமும் விற்க முடியும் என்று உணர்ந்தார். கணக்கைத் துருவியபோது, இலண்டன் விற்பனையகத்தின் தலைமை எழுத்தர் செய்துவந்த கையாடலும் வெளிப்பட்டது. அதன் பிறகு அங்கு வாரந்தோறும் கணக்குச் சமர்ப்பிக்க ஏற்பாடு செய்யப்பட்டது. பென்ட்லிக்கு இவர் எழுதிய கடிதங்களால் இச்செய்திகள் தெரியவருகின்றன. வரலாற்றாளர் நீல் மெக்கென்ட்ரிக் 1970 இல் இதுபற்றி விரிவான ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்.

பிற்காலம்

ருசியப் பேரரசி இரண்டாம் கேத்தரினுக்காக 952 உருப்படிகள் கொண்ட உணவுப் பாண்டத் தொகுதியை 1774 இல் செய்து முடித்தார். 1780 இல் பென்ட்லி இறந்தார். சூளையின் வெப்பத்தை அளக்கும் கருவியை உருவாக்கியதற்காக 1783 இல் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1787 இல் அடிமை வணிக எதிர்ப்பு இயக்கத்துக்கான பதக்கங்களைச் செய்து இலவசமாக வழங்கினார். 1795 ஜனவரி 3 இல் எட்ரூரியாவில் காலமானார். நிறுவனத்தின் உற்பத்தி 1940 இல் பார்லஸ்டனுக்கு மாறத் தொடங்கியது.