குன்றின்மேல் ஓர் உறுதிமொழி

1905ஆம் ஆண்டு ஜூன் 12. புனே நகரில் பெர்கூசன் கல்லூரியை அடுத்த சிறு குன்றின்மேல் நால்வர் கூடினர். கோபால கிருஷ்ண கோகலே முதலில் தாமே உறுதிமொழி ஏற்றார். பின்னர் தேவதர், திராவிட், பட்வர்தன் ஆகிய மூவரையும் ஏற்கச் செய்தார். இந்திய ஊழியர் சங்கம் இவ்வாறு எளிமையாகப் பிறந்தது.

கோகலே 1866இல் இரத்தினகிரி மாவட்டத்தின் கோத்லுக் என்னும் சிற்றூரில் பிறந்தவர். இளமையிலேயே தந்தையை இழந்தார். தமையனார் கோவிந்தர் தாம் பெற்ற பதினைந்து ரூபாய் ஊதியத்தில் எட்டு ரூபாயைத் தம்பியின் படிப்புக்கு அனுப்பினார். ஒருவர் வயிற்றைக் கட்டி மற்றொருவரைப் படிக்கவைத்த குடும்பம் அது. 1884இல் பட்டம் பெற்றவருக்கு அரசுப்பணியோ வழக்கறிஞர் தொழிலோ எட்டாத கனியன்று. ஆயினும், குறைந்த ஊதியத்தில் இருபது ஆண்டுகள் கற்பிப்பதாக உறுதியளித்துத் தக்காணக் கல்விக் கழகத்தில் ஆசிரியரானார்.

பொதுவாழ்வின் இலக்கணத்தை அவருக்குக் கற்பித்தவர் நீதிபதி ரானடே. புள்ளிவிவரமும் சான்றும் இன்றி ஒரு வரியும் எழுதலாகாது என்பது அவரிடம் பெற்ற பயிற்சி. அதன் அருமையைக் கோகலே 1897இல் கசப்போடு உணர்ந்தார். புனேயில் கொள்ளைநோய்த் தடுப்புப் பணியில் ஈடுபட்ட படைவீரர்கள் முறைகேடாக நடந்தனர் என்று, நண்பர்களின் கடிதங்களை நம்பி, இங்கிலாந்தில் கூறினார். தாயகம் திரும்பியபின் சான்று காட்ட இயலவில்லை. வெளிப்படையாக மன்னிப்புக் கோரினார். சொந்த நாட்டவரே இகழ்ந்தனர். அவர் ஒதுங்கிவிடவில்லை, கொள்ளைநோய் நிவாரணப் பணியில் தொண்டராக இறங்கினார்.

இளைஞரிடம் அவர் வேண்டியதும் இத்தகைய பொறுப்புணர்வையே. நாடெங்கும் உணர்ச்சி கொந்தளித்த காலத்தில், சங்கத்தில் சேர்வோருக்கு ஐந்தாண்டுப் பயிற்சி என்று விதித்தார். நூலகத்தில் நாட்டின் பொருளியல், வரலாறு, ஆட்சிமுறை ஆகியவற்றைக் கற்கவேண்டும்; பல மாநிலங்களுக்கும் சென்று மக்கள் வாழ்வை நேரில் காணவேண்டும். தமக்கெனப் பொருளீட்டலாகாது; சாதி, சமய வேறுபாடின்றி இந்தியர் அனைவரையும் உடன்பிறந்தாராகக் கருதவேண்டும்; எவரோடும் தனிப்பட்ட பூசல் கூடாது. துடிப்புமிக்க இளைஞருக்கு இவை கடுமையானவையே. உறுப்பினர் எண்ணிக்கை பெருகாததில் வியப்பில்லை.

ஆனால், வந்தவர்கள் சாதாரணமானவர்கள் அல்லர். தேவதர், ரமாபாய் ரானடேயுடன் இணைந்து 1909இல் புனே சேவா சதனத்தை உருவாக்கிப் பெண்கல்விக்குத் துணைநின்றார். என். எம். ஜோஷி மும்பைத் தொழிலாளரிடையே பணியாற்றினார். தக்கர் பாபா 1914இல் மும்பை மாநகராட்சிப் பொறியாளர் பணியைத் துறந்து வந்து, பின்னர்ப் பழங்குடியினருக்காகவும் ஒடுக்கப்பட்டோருக்காகவும் வாழ்ந்தார்.

கோகலேயின் உடல் நீரிழிவால் நலிந்திருந்தது. தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்க அவர் 1911இல் கொணர்ந்த சட்டமுன்வரைவு மறு ஆண்டே தோற்றது. அந்த ஆண்டிலேயே தென்னாப்பிரிக்கா சென்று இந்தியர்களின் துயரை நேரில் கண்டார். 1915இல் காந்தியடிகள் தாயகம் திரும்பியபோது, ஓராண்டு நாட்டைச் சுற்றிப் பார்க்குமாறு அறிவுறுத்தினார். பயிற்சி இளைஞருக்கு மட்டும் உரியது என அவர் எண்ணவில்லை போலும்.

அவ்வாண்டு பிப்ரவரி 19இல், நாற்பத்தொன்பது வயது நிறைவதற்குள் கோகலே மறைந்தார். சங்கத்தின் தலைமையை, 1907இல் திருவல்லிக்கேணிப் பள்ளியின் தலைமையாசிரியர் பதவியை விட்டு வந்து சேர்ந்த வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி ஏற்றார்.