ஜான் நேப்பியர்

ஜான் நேப்பியர் (1550 – ஏப்ரல் 4, 1617) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கணிதவியலாளர். மடக்கையைக் கண்டறிந்தவராக அறியப்படுகிறார். அடுக்குக்குறிச் சமன்பாடுகளைத் தீர்க்க இன்று வகுப்பறைகளில் பயன்படும் முதன்மைக் கருவி மடக்கையே. எனினும் நேப்பியர் அதனை அந்நோக்கில் உருவாக்கவில்லை.

வாழ்க்கை

நேப்பியர் எடின்பரோவை அடுத்த மெர்ச்சிஸ்டன் கோட்டையில் பிறந்தார். 1563இல், 13ஆம் அகவையில், செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பட்டம் பெறாமலே வெளியேறினார். நிலக்கிழாராக வாழ்ந்த அவர், 1593இல் தாம் வெளியிட்ட விவிலியத் திருவெளிப்பாட்டு விளக்கவுரையையே தம் முதன்மைப் படைப்பாகக் கருதினார். கணிதம் அவருக்கு ஓய்வுநேரப் பணி எனலாம்.

மடக்கை

அக்கால வானியலாளர்கள் ஏழு இலக்கச் சைன் மதிப்புகளைக் கையாலேயே பெருக்கியும் வகுத்தும் வந்தனர். இதில் காலமும் வீணாயிற்று, பிழைகளும் மலிந்தன. பெருக்கலைக் கூட்டலாக மாற்றும் அட்டவணை ஒன்றை உருவாக்க நேப்பியர் ஏறத்தாழ 20 ஆண்டுகள் உழைத்தார். அது 1614இல் இலத்தீன் மொழியில் வெளிவந்தது.

அவருடைய வரையறை இயக்கத்தை அடிப்படையாகக் கொண்டது. இரு புள்ளிகள் ஒரே வேகத்தில் புறப்படுகின்றன. ஒன்று சீராகச் செல்கிறது. மற்றதன் வேகம், இலக்கை அடைய எஞ்சியுள்ள தொலைவுக்கு நேர்விகிதத்தில் குறைகிறது. முதற்புள்ளி கடந்த தொலைவே, இரண்டாம் புள்ளிக்கு எஞ்சிய தொலைவின் மடக்கை. இதில் அடுக்கு என்ற பேச்சே இல்லை. இன்றைய அடுக்குக்குறியீடு டேக்கார்ட்டின் 1637ஆம் ஆண்டு நூலுக்குப் பின்னரே பரவியது. மடக்கையை அடுக்கின் மறுதலையாக முறைப்படுத்தியவர் 18ஆம் நூற்றாண்டின் ஆய்லர். பாடநூல்கள் இவற்றைத் தலைகீழ் வரிசையில் கற்பிப்பதால் மாணவர்க்கு இவ்வரலாறு வியப்பளிக்கக்கூடும்.

நேப்பியரின் அட்டவணையில் 1இன் மடக்கை சுழியம் அன்று. 1,00,00,000இன் மடக்கையே சுழியம். 1615இல் இலண்டன் கிரெஷாம் கல்லூரிப் பேராசிரியர் ஹென்றி பிரிக்ஸ் எடின்பரோ சென்று அவரைச் சந்தித்தார். 1இன் மடக்கை சுழியமாகவும் அடிமானம் 10 ஆகவும் இருப்பதே நன்று என இருவரும் உடன்பட்டனர். நேப்பியர் உடல்நலம் குன்றியிருந்ததால் பணி பிரிக்ஸிடம் சென்றது. 1 முதல் 1000 வரையுள்ள எண்களுக்கு 14 தசம இடங்கள் வரை கணித்த அவருடைய அட்டவணை 1617இல் வெளிவந்தது.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். 2இன் எந்த அடுக்கு 10 ஆகும்? மூன்றாம் அடுக்கு 8, நான்காம் அடுக்கு 16. எனவே விடை முழு எண் அன்று. இருபுறமும் மடக்கை எடுத்தால், தேடும் அடுக்கை 0.30103ஆல் (2இன் மடக்கை) பெருக்க 1 கிடைக்க வேண்டும். ஆகவே விடை ஏறத்தாழ 3.3219.

பிற

பெருக்கலுக்கு உதவும் நேப்பியர் கோல்களை அவர் 1617இல் வெளியான நூலில் விளக்கினார். மடக்கைகளைக் கணித்த முறையை விளக்கும் நூல், அவர் மறைந்தபின் 1619இல் வெளிவந்தது. 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்தவரும், நேப்பியர் பாலத்துக்குப் பெயர் தந்தவருமான பிரான்சிஸ் நேப்பியர் பிரபு இவர் வழிவந்தவர்.