மேரி கியூரி: போர்முனைக்கு எக்ஸ்-ரேயை ஓட்டிப்போனவர்

சாலை விபத்தில் பலமாக அடிபட்ட ஒருவரை எமர்ஜென்சி வார்டுக்குக் கொண்டுவருகிறார்கள். ஸ்ட்ரெச்சரை விட்டு அசைக்கவே முடியாத நிலை. அப்போது என்ன செய்வார்கள்? சக்கரம் வைத்த எக்ஸ்-ரே மெஷினை உருட்டிக்கொண்டு வந்து, அவர் படுத்திருக்கும் இடத்திலேயே மார்பையும் இடுப்பெலும்பையும் படம் எடுத்துவிடுவார்கள். நோயாளி மெஷினைத் தேடிப் போக வேண்டியதில்லை, மெஷின்தான் நோயாளியைத் தேடி வரணும். இன்று இது சாதாரண விஷயம். 1914இல் ஒரு பெண் இதைச் சொல்லிக்கொண்டு ராணுவ அலுவலகங்களின் படியேறியபோது, பல அதிகாரிகளுக்கு அது தேவையில்லாத தொந்தரவாகத்தான் தெரிந்தது.

அந்தப் பெண் மேரி கியூரி. ஆமாம், ரேடியம் கண்டுபிடித்த அதே மேரி கியூரிதான். பள்ளிப் பாடப்புத்தகம் அவரை இரண்டு நோபல் பரிசுகளோடு நிறுத்திவிடும். அதற்குப் பிறகு அவர் செய்த ஒரு வேலை பத்து லட்சம் காயம்பட்டவர்களைத் தொட்டது. அவருடைய உயிரையே எடுத்ததும் அந்த வேலையாக இருக்கலாம் என்பது, அவர் இறந்து 60 ஆண்டு கழித்துத்தான் பேச்சுக்கு வந்தது.

முதலில் அவர் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1867 நவம்பர் 7 அன்று வார்சாவில் பிறந்தார். அப்போது போலந்து ரஷ்யப் பேரரசின் பிடியில் இருந்தது. அவருக்குப் பத்து வயதானபோது அம்மா காசநோயில் இறந்துவிட்டார். அங்கே பெண்களுக்குப் பல்கலைக்கழகத்தில் இடமில்லை. அதனால் அக்காவும் தங்கையும் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். அக்கா பாரிஸில் மருத்துவம் படிப்பார், தங்கை பணக்கார வீடுகளில் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பணம் அனுப்புவார். பிறகு அக்கா தங்கையைப் படிக்க வைப்பார். தங்கைக்கு முறை வர சில ஆண்டுகள் ஆயின. 1891இல் பாரிஸ், 1895இல் பியர் கியூரியுடன் கல்யாணம், 1898இல் பொலோனியமும் ரேடியமும், 1903இல் முதல் நோபல். 1906இல் பியர், பாரிஸ் தெருவில் ஒரு குதிரை வண்டியில் அடிபட்டு அந்த இடத்திலேயே இறந்தார். 38 வயதில் இரண்டு பெண் குழந்தைகளோடு மேரி தனியாக நின்றார்.

1911ஆம் ஆண்டை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கணும். அந்த ஆண்டில்தான் அவருக்கு இரண்டாவது நோபல் கிடைத்தது. அதே ஆண்டில் பிரெஞ்சு அறிவியல் கழகம் மிகச் சொற்ப வாக்கு வித்தியாசத்தில் அவரை உறுப்பினராக ஏற்க மறுத்தது. இயற்பியலாளர் பால் லான்ஜெவானுடன் அவருக்கு இருந்த உறவைப் பத்திரிகைகள் தெருவுக்கு இழுத்தன. குடும்பத்தைக் கெடுக்க வந்த வெளிநாட்டுக்காரி என்ற தொனியில் எழுதித் தள்ளின. கூட்டம் அவர் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. உடம்பும் கெட்டு, சிறுநீரக அறுவை சிகிச்சை வரை போனது. அந்த நாட்டுக்காகத்தான் மூன்று ஆண்டுகள் கழித்து அவர் காரில் ஏறினார் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஒரு பெட்டி ரேடியம், ஒரு ரயில் பயணம்

1914 ஆகஸ்டில் போர் வெடித்தது. மேரிக்காகவே பாரிஸில் கட்டப்பட்ட ரேடியம் ஆய்வகம் அப்போதுதான் தயாராகியிருந்தது. ஆனால் அங்கே வேலை செய்ய வேண்டிய ஆண்கள் எல்லாம் ராணுவத்துக்குப் போய்விட்டார்கள். ஜெர்மன் படை பாரிஸை நெருங்கியது. பிரான்ஸின் கையிருப்பு ரேடியம் 1 கிராம், மேரியின் ஆய்வகத்தில் இருந்தது. செப்டம்பர் தொடக்கத்தில் அதை ஈயப் பெட்டியில் வைத்துத் தானே தூக்கிக்கொண்டு போர்டோ நகரத்துக்கு ரயில் ஏறினார். அங்கே ஒரு வங்கிப் பெட்டகத்தில் பத்திரப்படுத்திவிட்டு, மறுநாளே ராணுவ ரயிலில் பாரிஸ் திரும்பினார். எல்லாரும் பாரிஸை விட்டு ஓடிக்கொண்டிருந்தபோது அவர் எதிர்த்திசையில் வந்தார்.

தங்கத்தில் செய்த தன் நோபல் பதக்கங்களை உருக்கிக்கொள்ளச் சொல்லிக் கொடுக்கவும் முன்வந்தார், வங்கி மறுத்துவிட்டது. இரண்டாவது நோபல் பணத்தைப் போர்க் கடன் பத்திரங்களில் போட்டார். சரி, இதெல்லாம் பணம். தன் அறிவியலை வைத்து என்ன செய்ய முடியும் என்பதுதான் அவருடைய கேள்வி.

எக்ஸ்-ரே அப்போது 19 வயதான தொழில்நுட்பம். ஜெர்மனியில் வில்ஹெல்ம் ரான்ட்ஜென் 1895 நவம்பரில் அதைக் கண்டுபிடித்திருந்தார். பெரிய நகர மருத்துவமனைகளில் எக்ஸ்-ரே இருந்தது. ஆனால் குண்டடி படுகிற இடத்துக்கும் அந்த மருத்துவமனைக்கும் நடுவே ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் பயணம். போர்முனைக்குப் பக்கத்தில் இருந்த மருத்துவமனைகள் எல்லாம் பள்ளிக்கூடங்களிலும் மாளிகைகளிலும் அவசரத்துக்கு ஏற்படுத்தியவை. பலவற்றில் கரன்ட் கூடக் கிடையாது.

அந்தப் போரில் காயங்களின் தன்மையும் மாறியிருந்தது. பீரங்கிக் குண்டு வெடித்துச் சிதறும் இரும்புத் துண்டு, சிப்பாயின் சட்டைத் துணியையும் வயல் மண்ணையும் சேர்த்துக்கொண்டு உடம்புக்குள் நுழையும். எருப் போட்ட மண் அது. அதிலுள்ள கிருமிகள் தசையை அழுக வைக்கும். ஆன்டிபயாட்டிக் இல்லாத காலம். பென்சிலினைக் கண்டுபிடிக்கவே இன்னும் 14 ஆண்டுகள் இருந்தன. துண்டை எடுத்தாகணும், அழுகிய தசையை வெட்டியாகணும். ஆனால் துண்டு எங்கே இருக்கிறது? டாக்டர் விரலையோ கம்பியையோ விட்டுத் துழாவுவார். கிடைக்காவிட்டால் இன்னொரு இடத்தில் கத்தி வைப்பார். கை கால் போனது பாதி குண்டால் என்றால், மீதி இந்தத் தேடலாலும் தாமதத்தாலும்.

காருக்குள் ஒரு எக்ஸ்-ரே அறை

மேரியின் தீர்வு எளிமையானது. காரின் இன்ஜினே ஒரு டைனமோவைச் சுற்றட்டும். அந்த மின்சாரத்தில் எக்ஸ்-ரே குழாய் எரியட்டும். குழாய், அதைத் தாங்கும் ஸ்டாண்ட், படத் தகடுகள், ஒளிரும் திரை, ஜன்னலை மறைக்கக் கறுப்புத் துணி, நீளமான ஒயர். அவ்வளவுதான் மொத்தச் சாமான்.

காரும் காசும் யார் கொடுப்பது? முதல் கார் பிரெஞ்சுப் பெண்கள் சங்கம் ஒன்றின் நிதியில் வந்தது. அடுத்ததற்குப் பணக்காரப் பெண்களிடம் போய்க் காரைக் கேட்டு வாங்கினார். பட்டறைகளில் சொல்லி அதை வேனாக மாற்றினார். கருவி செய்கிற கம்பெனிகளிடமும், சும்மா கிடந்த பல்கலைக்கழக ஆய்வகங்களிடமும் கையேந்தினார். செஞ்சிலுவைச் சங்கத்தின் எக்ஸ்-ரே பிரிவுக்கு இயக்குநர் என்ற பொறுப்பு கிடைத்தது. ஆனாலும் பெண்களைப் போர்முனைக்கு விட ராணுவம் லேசில் சம்மதிக்கவில்லை. ஒவ்வொரு அனுமதிச் சீட்டுக்கும் ஒரு சண்டை.

சொல்லப்போனால், எக்ஸ்-ரே அவருடைய துறையே கிடையாது. வகுப்பில் பாடம் எடுத்திருக்கிறார், அதோடு சரி. 46 வயதில் உடற்கூறு படித்தார். டயர் மாற்றவும், கார்ப்பரேட்டரைச் சுத்தம் செய்யவும் கற்றுக்கொண்டார். பின்னால் 1916இல் டிரைவிங் லைசென்ஸும் எடுத்தார். டிரைவர் கிடைக்காத நாளில் வேலை நிற்கக் கூடாதில்லையா?

1914 நவம்பர் 1 அன்று முதல் கார் பாரிஸுக்கு வடக்கே கிரெய் என்ற ஊர் மருத்துவமனைக்குக் கிளம்பியது. உள்ளே மேரி, அவருடைய மூத்த மகள் ஐரீன். ஐரீனுக்கு அப்போது 17 வயது.

ஒரு ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் நடப்பது இதுதான். ஒரு அறையைப் பிடித்து ஜன்னல்களை மறைப்பார்கள். காரிலிருந்து ஒயரை இழுப்பார்கள். சுமார் அரை மணி நேரத்தில் எல்லாம் தயார். காயம்பட்டவர்களை ஒருவர் பின் ஒருவராகக் கொண்டுவருவார்கள். எலும்பு முறிவா, குண்டா, எத்தனை துண்டு, எங்கே என்று குறித்துக்கொண்டே போவார். சில டாக்டர்கள் அந்த ஒளிரும் திரையைப் பார்த்தபடியே இடுக்கியை விட்டுத் துண்டை எடுப்பார்கள். மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில் இது நடக்கும். இப்படியே அமியான், வெர்டுன், பெல்ஜியத்தின் இப்பர் பகுதி எனப் போர் நடந்த இடமெல்லாம் அந்த வண்டிகள் போயின. சிப்பாய்கள் அவற்றைச் செல்லமாகக் குட்டி கியூரிகள் என்று கூப்பிட்டார்கள்.

1915 ஏப்ரலில் ஒரு நாள் திரும்பி வரும்போது கார் பள்ளத்தில் கவிழ்ந்தது. பெட்டிகள் எல்லாம் மேரியின் மேல் விழுந்தன. காயம் லேசானதுதான். வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. விஷயம் வேறு வழியில்தான் பிள்ளைகளுக்குத் தெரிந்தது.

குண்டு எவ்வளவு ஆழத்தில்?

இங்கே ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. எக்ஸ்-ரே படம் என்பது ஒரு நிழல். குண்டு இருக்கிறது என்று சொல்லும், எவ்வளவு ஆழத்தில் என்று சொல்லாது. தொடையில் தோலுக்குக் கீழேயே இருந்தாலும், எலும்புக்குப் பக்கத்தில் இருந்தாலும் நிழல் ஒன்றுதான். அப்போ என்ன செய்வது?

நோயாளியை அசைக்காமல் இரண்டு படம் எடுக்கணும். முதல் படம் எடுத்த பிறகு குழாயை மட்டும் பக்கவாட்டில் கொஞ்சம் நகர்த்தி இரண்டாவது படம். குண்டின் நிழல் இப்போது இடம் மாறியிருக்கும். தகட்டை ஒட்டி இருக்கும் குண்டின் நிழல் கொஞ்சமாக நகரும். தகட்டிலிருந்து தள்ளி இருந்தால் நிறைய நகரும். உதாரணத்துக்கு, குழாய் தகட்டிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். அதை 10 செ.மீ. நகர்த்தும்போது நிழல் 2 செ.மீ. நகர்ந்தால், குண்டு தகட்டுக்கு மேலே சரியாக 10 செ.மீ. தூரத்தில் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் படித்த வடிவொத்த முக்கோணம்தான், வேறொன்றுமில்லை. இன்றைய சி.டி. ஸ்கேன் பல கோணங்களில் படம் எடுத்து ஆழத்தைக் கண்டுபிடிப்பதன் விதை இந்த யோசனையில் இருக்கிறது என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஆனால் கணக்கு சரியாக இருந்தால் போதாது, கத்தி பிடிப்பவர் நம்பணும். 18 வயதில் ஐரீன் பெல்ஜியத்தில் ஒரு எக்ஸ்-ரே பிரிவைத் தனியாக நடத்தினார். அங்கிருந்த ராணுவ டாக்டர் இந்த வடிவியலைக் காதில் வாங்கவே இல்லை. குண்டு உள்ளே போன துளை வழியாகவே தேடிப் பார்த்துத் தோற்ற பிறகுதான், ஐரீன் குறித்துக் கொடுத்த பக்கமாக அறுத்து எடுத்தார். அனுபவமுள்ள டாக்டருக்கு முன்னால் ஒரு டீன்ஏஜ் பெண் பேப்பரைக் காட்டி இந்தப் பக்கம் வெட்டுங்கள் என்று நிற்பதை யோசிச்சுப் பாருங்க. இதற்கு நடுவில் அவர் சார்போன் பல்கலைக்கழகப் பரீட்சைகளையும் எழுதித் தேறினார்.

கார் மட்டும் போதாது, ஆள் வேணும். 1916 முதல் மேரி தன் ஆய்வகத்திலேயே பெண்களுக்கு ஒரு பயிற்சிப் பள்ளி நடத்தினார். மின்சாரம், எக்ஸ்-ரே, உடற்கூறு, நேரடிப் பயிற்சி என்று சில வாரப் பாடத்திட்டம். போர் முடிவதற்குள் சுமார் 150 பெண்கள் தேர்ச்சி பெற்றார்கள். என்னைக் கேட்டால், கார்களைவிட இதுதான் பெரிய சாதனை. மெஷின் பழுதாகும், ஆள் இருந்தால் இன்னொன்றை ஓட்டிக்கொள்ளலாம். மொத்தம் 20 கார்கள், மருத்துவமனைகளில் நிரந்தரமாக 200 எக்ஸ்-ரே அறைகள். இவற்றில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பரிசோதனைகள் நடந்ததாகக் கணக்கிடுகிறார்கள். 1921இல் மேரி இந்த அனுபவத்தைக் கதிரியலும் போரும் என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு சிறிய நூலாக வெளியிட்டார்.

கணக்கில் வராத கதிர்

எக்ஸ்-ரே எடுப்பவர் எவ்வளவு கதிர் வாங்கிக்கொள்ளலாம் என்று அப்போது எந்த அளவுகோலும் கிடையாது. கை புண்ணாவது, விரல் கருகுவது போன்ற ஆபத்துகள் தெரியும். அதற்காகக் கையுறையும் உலோகத் தடுப்பும் இருந்தன, போரின் அவசரத்தில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு. நாள் முழுக்கத் திரைக்குப் பக்கத்தில் நிற்பவரின் எலும்பு மஜ்ஜைக்கு என்ன ஆகும் என்பது தெளிவாகத் தெரியாது. கதிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேசக் குழு 1928இல்தான் அமைந்தது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அது வரம்பு சொன்னது 1934இல்.

அந்த 1934 ஜூலை 4 அன்று, பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் ஒரு சானடோரியத்தில் மேரி இறந்தார். வயது 66. மஜ்ஜை புதிய ரத்த அணுக்களை உண்டாக்குவதை நிறுத்திவிடும் ஒருவகை ரத்தசோகை அது. அதற்கு முன்பே கண்புரைக்குப் பலமுறை அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்தார். ரேடியம்தான் அவரைக் கொன்றது என்று உலகம் முடிவு கட்டியது. அவருடைய நோட்டுப் புத்தகங்களில் இன்றும் கதிரியக்கம் இருப்பதால் ஈயப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள் என்ற செய்தி அந்தக் கதைக்கு வசதியாகவும் இருந்தது.

1995இல் பிரான்ஸ் அவருடைய உடலைத் தேசத் தலைவர்கள் உறங்கும் பாந்தியோனுக்கு மாற்றியது. சொந்தச் சாதனைக்காக அந்த மரியாதை பெற்ற முதல் பெண் அவர். கல்லறையைத் திறக்கும்போது ஆபத்து வரக்கூடாது என்று கதிர்ப் பாதுகாப்பு அதிகாரிகள் அளந்து பார்த்தார்கள். எதிர்பார்த்ததைவிட அளவு மிகக் குறைவு. ரேடியம் உடம்புக்குள் போனால் எலும்பில் தங்கிவிடும், பாதியாகக் குறையவே சுமார் 1,600 ஆண்டுகள் ஆகும். அவரைக் கொல்லும் அளவுக்கு ரேடியம் உள்ளே போயிருந்தால் இன்னும் அங்கேயே இருந்திருக்கணும். எக்ஸ்-ரே அப்படியல்ல; குழாயை அணைத்ததும் போய்விடும், தடயம் வைக்காது. ஆகவே போர்க்காலத்தில் பாதுகாப்பில்லாமல் வாங்கிய எக்ஸ்-ரேதான் அவருடைய நோய்க்குக் காரணமாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று அவர்கள் கருதினார்கள்.

ஐரீன் 1935இல் கணவர் ஃபிரெடெரிக்கோடு சேர்ந்து வேதியியல் நோபல் வாங்கினார். அந்தச் செய்தியைக் கேட்க அம்மா உயிரோடு இல்லை. போர் முடிந்த பிறகும் பல ஆண்டுகள் பொலோனியத்தோடு வேலை செய்த ஐரீன், 1956இல் ரத்தப் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு வயது 58.